ஒரே சமையல், இரண்டு உடம்பு: ஓசூர், தளி, கிருஷ்ணகிரி மூன்று நாள்

பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓசூர் போய் வந்தேன். ஊர் சுற்றுவதைவிட என் தம்பி கண்ணனைப் பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். விருதுநகரிலிருந்து போய் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சில மாதங்களாக வீடியோ காலில் அவன் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. சர்க்கரை நோய்க்காரன் வேறு. "டயட்லதான் இருக்கேன்க்கா, பயப்படாத" என்பான். நேரில் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை.

விருதுநகரிலிருந்து போகிறவர்களுக்கு நாகர்கோவில் – பெங்களூரு ரயில் வசதி. இரவு ஏறினால் காலையில் ஓசூர். ஸ்லீப்பருக்கு முந்நூற்றுச் சொச்சம் ஆனது. பண்டிகைக் காலம் என்றால் முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஜனவரிக் காலையில் பிளாட்பாரத்தில் இறங்கியதும் குளிர் முகத்தில் அடிக்கும். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு வந்திருந்த கண்ணனைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. இளைத்திருந்தான், ஆனால் நடையில் துள்ளல் இருந்தது. அரிசி, கோதுமை, ராகி எதுவும் தொடுவதில்லையாம். முட்டை, கறி, பன்னீர், வெண்ணெய், காய் மட்டும். டாக்டர் மேற்பார்வையில்தான் ஆரம்பித்திருக்கிறான். சர்க்கரை இறங்கி, மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்த பாதம் இப்போது எரிவதில்லை என்று வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான்.

வீட்டில் வசந்தி, அவன் மனைவி. தளிப் பக்கத்துப் பெண், கன்னடம் பேசும் குடும்பம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. இருவரும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எனக்கு இட்லி ஊற்றிவிட்டு, அவர்கள் இருவரும் வெண்ணெயில் பொரித்த ஆம்லெட்டோடு உட்கார்ந்தார்கள். கண்ணன் ரசித்துச் சாப்பிட்டான். வசந்தி கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். எழுந்திருக்கும்போது வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

சமையலறையில் தனியாக இருக்கும்போது கேட்டேன். "என்னம்மா, வலிக்குதா?"

"கேஸ்தான் அண்ணி. பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு அவரு சொல்றாரு."

"உனக்குச் சர்க்கரை இல்லையே. நீ எதுக்கு இதைச் சாப்பிடுற?"

"ரெண்டு பேருக்கும் ஷிப்ட் அண்ணி. ரெண்டு சமையல் பண்ண நேரமில்லீங்க. நானும் கொஞ்சம் குண்டாத்தானே இருந்தேன். வெயிட்டு சீக்கிரமாவே எறங்கிடுச்சு." சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

இரண்டாம் நாள் தளி. ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கம்பெனி மதில்கள் முடிந்ததும் முட்டைக்கோஸ் வயலும் ரோஜாத் தோட்டமும் தொடங்கிவிடும். பஸ்ஸில் ஒரே ஆள் கண்டக்டரிடம் தமிழிலும், பக்கத்து சீட்டில் கன்னடத்திலும், போனில் தெலுங்கிலும் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அதுவே வேடிக்கை.

வசந்தியின் அக்கா மஞ்சுளா அங்கே ரோஜா பயிர் செய்கிறார். எங்களுக்காக ராகிக் களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தார். ஜனவரியில் அந்தப் பக்கம் போனால் அந்தக் குழம்பைத் தவறவிடாதீர்கள். பச்சை அவரைக்கொட்டையின் மணம் அடுப்பிலிருந்து வாசல் வரை வந்தது. நான் தட்டை நீட்டினேன். கண்ணன் பையிலிருந்து டப்பாவை எடுத்தான். வறுத்த கறியும் முட்டையும். பாதியை வசந்தியின் தட்டில் வைத்தான்.

மஞ்சுளா தங்கையிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மஞ்சுளா தமிழுக்கு வந்தார். "ஏன் தம்பி, இவ ஒரு உருண்டை களி தின்னா என்னாயிடும்ங்க?"

"இல்ல மதினி, நடுவுல விட்டா எல்லாம் கெட்டுப்போகும். நான் பிழைச்சதே இதனாலதான். கால் எரிச்சல்ல எத்தனை ராத்திரி அழுதிருக்கேன்னு அவளுக்குத் தெரியும்."

"உங்களுக்கு நல்லாச்சு, சந்தோஷம்ங்க. இவளுக்கு என்ன நோவுன்னு இதைத் திங்கறா?"

கண்ணன் கோபப்படவில்லை. தான் பெற்ற நன்மையை அவளுக்கும் கொடுப்பதாகத்தான் அவன் மனதார நினைத்துக்கொண்டிருந்தான். வசந்தி கறியை மென்று முடித்தாள். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியே வந்தாள்.

மூன்றாம் நாள் கிருஷ்ணகிரி அணைக்குத் திட்டம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர். டிரைவரோடு கார், நாள் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. டிரைவர் நாகராஜ் ஓசூர்க்காரர். சூளகிரி தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. குருபரப்பள்ளியை நெருங்கும்போது வசந்தி திடீரென்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நெற்றி வியர்த்திருந்தது.

"வண்டியை ஓரங்கட்டுங்க" என்றேன்.

சாலையோரக் கடைக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கியதும் வாந்தி எடுத்தாள். வலி வயிற்றிலிருந்து வலது தோளுக்கு ஏறுகிறது என்றாள். கடையிலிருந்து கண்ணன் வாங்கி வந்த சோடாவைத் தள்ளிவிட்டாள். நெஞ்சு வலியோ என்று எனக்குப் பயம்.

நாகராஜ்தான் முடிவெடுத்தார். "சோடாவெல்லாம் வேண்டாம்ங்க. ஏத்துங்க, கிருஷ்ணகிரி பக்கம்தான். நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓட்டினார். வசந்தி என் மடியில் சுருண்டு கிடந்தாள். கண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. பிறகு ஸ்கேன். பித்தப்பையில் கற்கள். வலிக்கு ஊசி போட்டுப் படுக்கவைத்துவிட்டு, டாக்டர் அம்மா எங்களைக் கூப்பிட்டு என்னென்ன சாப்பிடுவாள் என்று விசாரித்தார். கண்ணன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

"கல்லு முன்னாடியே இருந்துச்சா, இப்ப வந்துச்சான்னு சொல்ல முடியாது. ஆனா வேகமா உடம்பு இளைச்சா சிலருக்கு இப்படி வரும். கல்லு இருக்கறவங்க இவ்வளவு கொழுப்பு சாப்பிட்டா வலி கிளம்பும். ஆபரேஷன் பத்தி சர்ஜனைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார் அவர்.

"எனக்கு இதே சாப்பாடு நல்லா இருக்கே மேடம்" என்றான் கண்ணன்.

"உங்களுக்கு நல்லா இருக்கட்டும். உங்க டாக்டர் சொல்றபடி தொடருங்க. அவங்க பித்தப்பை உங்களுது இல்லையே. அவங்களுக்கு என்ன ஒத்துக்கும்னு அவங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

வசந்தி கண் விழித்ததும் கண்ணன் கட்டில் பக்கத்தில் போய் நின்றான். "இவ்வளவு வலியை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க. மூணு தடவ சொன்னேன். கேஸ்னு நீங்கதானே சொன்னீங்க."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் டிரிப்ஸ் ஏறாத கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஓசூரிலேயே ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. இப்போது இட்லி, களி, சோறு என்று எண்ணெய் குறைத்து எல்லாம் சாப்பிடுகிறாள். கண்ணன் தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறான். காலை ஷிப்டுக்கு முன் அந்தச் சின்ன சமையலறையில் இருவரும் இடித்துக்கொள்கிறார்களாம்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். ஓசூரும் தளியும் இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். அணைக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். அங்கே மீன் வறுவல் பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் உங்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், தவறில்லை. மாத்திரைச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர் தட்டை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். சாப்பிட்டபின் திரும்பத் திரும்ப வலி வந்தால் கேஸ் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாமல் டாக்டரைப் பாருங்கள்.

போன வாரம் கண்ணன் போனில் பேசினான். கம்பெனி கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், எப்படி இளைத்தீர்கள், சொன்னால் நானும் செய்வேனே என்று கேட்டாராம்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"மொத உங்களுக்கு உடம்புக்கு என்னன்னு சொல்லுங்கன்னு கேட்டேன்க்கா. அவரு பேச ஆரம்பிச்சாரு. பிரேக் முடிஞ்சு பெல் அடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."