மாதா ஏறும் வண்டிக்கு எந்த ஸ்பிரிங்?

"ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை சேத்தாங்க அண்ணே, மாதா கழுத்துல விரிசல் விட்டுடுச்சு."

ஆரோக்கியமேரி என் ஒர்க்‌ஷாப்பில் நுழைந்ததும் சொன்னது இதுதான். உழவர்கரையில் சஸ்பென்ஷன் வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். ஷாக் உடைந்தது, பட்டை முறிந்தது என்று வருவார்கள். மாதாவுக்கு அடிபட்டதாக யாரும் வந்ததில்லை.

மேரி தவளக்குப்பத்தில் லைட் செட் வைத்திருப்பவள். ஒரு பிக்கப், அதன் பின்னால் மாட்டி இழுக்க ஜெனரேட்டர் டிரெய்லர். டவுனில் ஒரு மாதா கோயிலுக்கு வருடா வருடம் தேர்பவனி அவள் வண்டியில்தான். பிக்கப் மேல் மாதா சுரூபம், பின்னால் விளக்குக்கு ஜெனரேட்டர். அவள் அப்பா ஓட்டியது; அவருக்குப் பிறகு இவளே ஓட்டுகிறாள்.

டிரெய்லர் மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு, கடலூர் ரோட்டில் ஸ்டியரிங் மிதக்கும். அதற்காக எங்கேயோ பின் ஸ்பிரிங்கில் இரண்டு இரும்புப் பட்டை கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். வண்டி நிமிர்ந்தது. ஆனால் பவனியில் ஒவ்வொரு பள்ளமும் சுரூபத்தை உலுக்கிவிட்டது. அந்தக் காலத்தில் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சாந்துச் சுரூபம்.

கோயில் கமிட்டிப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊரே சொல்தா என்றுதான் கூப்பிடும். அவர் கறாராகச் சொல்லிவிட்டாராம்: "இந்த வருஷமும் அடிபட்டா, அப்புறம் நாங்க தோள்லயே தூக்கிக்கிறோம். உன் வண்டி வேணாம்மா."

"அப்பா ஓட்டுன பவனி அண்ணே. என் கையில வந்து நின்னு போவக் கூடாது." அழவில்லை, கோபமாகத்தான் சொன்னாள்.

முதலில் டிரெய்லர்

இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: இழுக்கிற வண்டி உட்கார்ந்தால் உடனே ஸ்பிரிங்கைப் பார்க்காதீர்கள். டிரெய்லரைக் கழற்றி, பிக்கப்பில் மாட்டுகிற அதன் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஜெனரேட்டரை முன்னுக்குக் கொண்டுவந்து போல்ட் போட்டிருந்தார்கள்.

"ஏம்மா இப்படி?"

"லைட்டுக்குக் கிட்ட இருந்தா கேபிள் மிச்சம் அண்ணே."

லைட் செட்டுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு! அந்த எடை முழுக்கப் பிக்கப்பின் கொக்கியில் தொங்கியது. ஜெனரேட்டரை அச்சுப் பக்கம் நகர்த்தினேன். ரொம்பவும் பின்னால் தள்ளினால் டிரெய்லர் வாலாட்டும். கொக்கியில் கொஞ்சம் எடை இருந்தே ஆக வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதி

கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிட்டேன். அவை எப்போதும் விறைப்பு. ஹெல்பர் ஸ்பிரிங் பாரம் ஏறினால்தான் வேலை செய்யும், பலருக்கு அது போதும். ஆனால் பவனியிலும் டிரெய்லர் கூடவே வருகிறதே, பாரம் இறங்காமல் ஹெல்பரும் விறைப்பாகவே நிற்கும்! அதனால் ஏர் பேக் போட்டேன். அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ரப்பர் பை. மெயின் ரோட்டில் காற்றை ஏற்றிக்கொள்ளலாம். கோயிலில் மாதா ஏறியதும் குறைத்துக்கொள்ளலாம். இதைப் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கம்பெனி சொன்ன எடை சொன்னதுதான்.

எவ்வளவு குறைப்பது? மணல் மூட்டை ஏற்றிப் பார்க்கலாம் என்றேன்.

"மூட்டைக்கு வலிக்குமா அண்ணே? நான் ஏர்றேன், நீ ஓட்டு."

சுரூபம் நிற்கிற இடத்தில் ஏறி நின்றுகொண்டாள்.

"கம்பிய புடிச்சிக்கம்மா!"

"மாதா புடிப்பாங்களா?"

நடை வேகத்தில் ஓட்டினேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் கேபின் மேல் தட்டுவாள். "கழுத்துல இடிக்குது, காத்த எறக்கு." இறக்கினேன். அடுத்த சுற்றில், "இப்ப ஊஞ்சலாட்டம் ஆடுது." பழைய ஷாக் செத்துப்போயிருந்தது, இரண்டையும் மாற்றினேன். கடைசிச் சுற்றில் சத்தமே இல்லை. பயந்துபோய் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏன் நிறுத்துன? நல்லாதான போவுது!"

எத்தனையோ கெட்டிக்கார டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் கழுத்தையே மீட்டராக வைத்து வண்டியைச் சரிசெய்தவள் இவள் ஒருத்திதான். அசந்துபோனேன்.

பவனிக்கு நானும் போனேன். எல்லோரும் மாதாவைப் பார்த்துக் கும்பிட, நான் மட்டும் குனிந்து பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. மேலே மல்லிகை மாலை மட்டும் லேசாக ஆடியது. டிரைவர் சீட்டிலிருந்து மேரியின் குரல்:

"அண்ணே, மாதா மேல இருக்காங்க! டயரையே பாக்குற!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது.

கோயில் திரும்பியதும் சொல்தா ஏறி, டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். பழைய விரிசல் பழையபடியே இருந்தது. இறங்கி வந்தவர் மேரியிடம், "வர்ற வருஷமும் நீயே வாம்மா" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போதும் எந்த ஸ்பிரிங் போடலாம் என்று கேட்டு வருகிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. பின்னால் ஏறி நின்றுகொண்டு, "மெதுவா ஓட்டு" என்கிறேன்.