நீலத் தகட்டுக்குப் பின்னால்

மெர்சர் கட்டடத்தின் அறுபத்தெட்டுப் படிகளையும் வாரத்துக்கு இரண்டு தடவை துடைப்பது பெர்னடின்தான். நாலாம் மாடியில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வருவாள். வாளி நிறையச் சுடுதண்ணீர், அதில் ஒரு மூடி சோப்பு. இரண்டாம் மாடி வருவதற்குள் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும்; கொட்டிவிட்டு வேறு பிடித்துக்கொள்வாள். படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்து கிடந்தது. மண் போய் உட்காருவது அந்தக் குழியில்தான், எனவே அங்கே மட்டும் கையை ஊன்றி அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே படியை மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கீழே கதவு திறந்து கோரின் ஏறி வந்தாள்.

"ஈரம். பார்த்து வா, கண்ணு."

"இந்தப் படி ஈரமில்லாம இருந்து நான் பார்த்ததே இல்ல," என்றாள் கோரின். கட்டடத்தின் சொந்தக்காரி அவள். முப்பத்து நாலு வயது. சிகாகோவில் நல்ல வேலையில் இருந்தவள், அதை உதறிவிட்டுப் பிறந்த ஊருக்கே வந்து, யாரும் சீண்டாத இந்தக் கட்டடத்தை வாங்கியிருந்தாள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த அதிகாரி வர்றார். ஏணி வண்டியெல்லாம் வேண்டாமாம். உள்ளேருந்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாப் போதும்னுட்டார். எந்த ஜன்னல் திறக்கும்?"

"எதுவும் திறக்காது. நாப்பத்தேழு வருஷமா பெயின்ட் மேல பெயின்ட்."

"ஒண்ணையாவது கீறி வைங்களேன். உங்க அண்ணனைக் கேட்டீங்களா? கட்டடத்து முன்பக்கம் தகடு அடிச்சதே அவர்தானே?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

பெர்னடின் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "என் முன்னறை ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். அது நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கும்னா?"

"நல்லா இருக்கும்னேன்ல. வழியை விடு, தண்ணி ஆறுது."

பெர்னடினுக்கு ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடித் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் பதினாலு வருடம் கரண்டி பிடித்தவள். தொழிற்சாலையை மூடினார்கள், அதே வருடம் புருஷன் டெக்சஸில் வேலை தேடப் போனான், தேடிக்கொண்டே அங்கேயே தங்கிவிட்டான். கையில் ஒரு மகளோடு இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு வாடகைக்கு வந்தாள். படி துடைப்பது, கொதிகலனைப் பார்ப்பது, குப்பையை இறக்குவது எல்லாம் அவள் பொறுப்பு என்று பழைய முதலாளியோடு பேச்சு. அதற்கு ஈடாகப் பாதி வாடகை. மகள் வளர்ந்து ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டாள். பெர்னடின் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். மூன்றாம் மாடியில் அவள் வீட்டுக்கு இரண்டு முன் ஜன்னல்கள் உண்டு. இரண்டிலும் மஞ்சள் திரை போட்டிருந்தாள். திரையை விலக்கினால் தெரிவது தகட்டின் முதுகு.

அந்தத் தகடு வந்த நாள் அவளுக்கு நினைவிருக்கிறது. அப்போது பதினொரு வயது. நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய அங்காடி வளாகம் திறந்து, மெயின் தெருவுக்கு ஆள் வருவது நின்றுபோன நேரம். கடைக்காரர்கள் கூடிப் பேசி, நம் தெருவும் புதுசாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்து, பழைய கட்டடங்களின் முகப்பை ஜன்னலோடு சேர்த்து அலுமினியத் தகட்டால் மூடினார்கள். மெர்சர் கட்டடத்துக்கு நீலம். மேயர் வந்து ரிப்பன் வெட்டினார், சனங்கள் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். ஏனென்றால் சாரத்தின் மேல் நின்றவர்களில் அவளுடைய அண்ணன், பத்தொன்பது வயது எமிலும் ஒருவன். ஆள் வருவது மட்டும் திரும்பவே இல்லை.

இப்போது அதே மெயின் தெருவை மறுபடி எழுப்பப் பார்க்கிறார்கள். ஆற்றங்கரையில் புது ஹோட்டல் வருகிறது. பழைய மருந்துக் கடையில் பீர் வடிக்கிறார்கள். விளக்குக் கம்பங்களில் பூத்தொட்டி தொங்குகிறது. கோரினின் திட்டம் தகட்டைக் கழற்றுவது. பழைய முகப்பைச் சீராக்கினால் அரசாங்கம் வரியில் பெரிய சலுகை தரும். சலுகை வந்தால்தான் வங்கி கடன் தரும். ஆனால் முகப்பின் பெரும்பகுதி தகட்டுக்கு உள்ளே உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் இது வெறும் பழைய கட்டடம். நகராட்சி வாங்கி, இடித்து, ஹோட்டலுக்கு நானூறு கார் நிற்கிற அடுக்கு கட்டும். சலுகை கிடைத்தால் பெர்னடினுக்குப் பத்து வருடம் அதே வீடு, அதே வாடகை என்று கோரின் எழுதியே கொடுத்திருந்தாள். அந்தக் காகிதம் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது.

எமிலைக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. அவன் வாராவாரம் சாப்பிட வருகிறவன். மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி வந்து, நாற்காலியில் விழுந்து, முதல் வேலையாக அவளைத் திட்டுவான்.

"லிஃப்ட் இல்லாத வீட்டுல குடியிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"என் ஜன்னலை மூடினவன் பேசற பேச்சா இது?"

இருபத்திரண்டு வருட வேடிக்கைப் பேச்சு. அவள் முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் சுருட்டி வேகவைத்ததைத் தட்டில் வைத்தாள். வியாழக்கிழமை கொலம்பஸிலிருந்து வரிச் சலுகை அதிகாரி வருகிற விஷயத்தைச் சொன்னாள். எமில் நாலு வாய் சாப்பிட்டான். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"வடக்குப் பக்கத்தைக் காட்டாதே, பெர்னி."

"ஏன்?"

"அங்க ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலயும் கல்லுல ஒரு பொம்பளை முகம் இருந்துச்சு. சுத்தி இலை, பழம். அது துருத்திக்கிட்டு நின்னா தகட்டோட சட்டம் சுவத்தோட ஒட்டாது. வெட்டித் தள்ளுங்கடான்னார் மேஸ்திரி. வடக்குக் கோடியில ஆரம்பிச்சோம். மூணாம் நாள் ஒரு துண்டு விழுந்து கூட வேலை செஞ்ச ஹோமர் கை நசுங்கிடுச்சு. அதோட மேஸ்திரி பயந்துட்டார். மீதியை விட்டுடுங்க, நீள போல்ட் போட்டுத் தகட்டைத் தள்ளி நிறுத்திக்கலாம்னுட்டார். அதனால தெற்குப் பாதி அப்படியே இருக்கு. உன் பக்கம்."

"உன் கையாலயா உடைச்சே?"

"என் கை, என் சுத்தி. நாலு அடியில மூக்கு போயிடும்."

"அழகா இருந்துச்சா?"

"பத்தொன்பது வயசுல கல்லுப் பொம்பளையையா பார்ப்பேன்? மணிக்கு ரெண்டே கால் டாலர். அதைத்தான் பார்த்தேன்." கரண்டியை மறுபடி எடுத்தான். "உன் ஜன்னலைக் காட்டு. அவன் ஏன் இன்னொண்ணைக் கேட்கப் போறான்?"

புதன்கிழமை சாயங்காலம் பெயின்ட் சுரண்டும் பட்டிக் கத்தியையும் சுத்தியலையும் எடுத்து, தன் முன்னறை ஜன்னலைச் சுற்றிப் பெயின்டைக் கீறினாள். இரண்டு மணி நேரம் போராடிச் சட்டத்தை மேலே தள்ளினாள். புறா எச்சமும் பழைய தூசியும் முகத்தில் அடித்தன. சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒன்றரை அடி இருட்டு. டார்ச்சை உயர்த்தினால், கை எட்டும் தூரத்தில் ஒரு பெண் அவளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த உதடு. கன்னத்தோடு ஒரு திராட்சைக் கொத்து. பெர்னடின் டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வடக்குப் பக்கத்துக் காலி வீட்டின் சாவி ஏப்ரன் பையில் இருந்தது. அங்கே போகவில்லை.

வியாழக்கிழமை வந்தவர் பெயர் ஹாலோவே. ஐம்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறவர், வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே போய், அண்ணாந்து, படம் எடுத்தார். உள்ளே வந்தபோது தலைமுடியெல்லாம் தூசி. முகத்தில் மட்டும் சிரிப்பு.

"இவ்வளவு சேதமில்லாம இந்த வருஷம் நான் ஒண்ணும் பார்க்கல."

கோரின் மூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "நான் சொல்லல?" என்றாள்.

"வடக்குப் பக்கமும் ஒண்ணு பார்த்துடலாமா?"

"அந்த வீடு ரெண்டு வருஷமாப் பூட்டிக் கிடக்கு," என்றாள் கோரின். "ஜன்னல் அசையக்கூட அசையாது."

ஹாலோவே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் போக வேண்டுமாம். "சரி. உங்க அண்ணன் இந்த வேலையில இருந்தவர்னு இவங்க எழுதியிருந்தாங்க," என்று பெர்னடின் பக்கம் திரும்பினார். "அவர் சொன்னதா குறிச்சுக்கிட்டு நான் கிளம்பறேன். அந்தப் பக்கமும் இதே மாதிரிதானா?"

கோரின் புன்னகையோடு அவளைப் பார்த்தாள். அந்தப் புன்னகை அசையவில்லை. ஆமாம் என்றால் பத்து வருடம். அறுபத்தெட்டு வயது வரை இந்த அடுப்பு, இந்த ஜன்னல். ஆனால் ஏப்ரலில் தகட்டைக் கழற்றுவார்கள். மேயர் நிற்பார், ஊரே தெருவில் அண்ணாந்து நிற்கும், கூட்டத்தில் இந்த மனிதரும் நிற்பார், எமில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மூக்கில்லாத முகங்கள் வரிசையாக வெளியே வரும்போது, எல்லாம் முழுசாக இருக்கிறது என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கும்.

"இல்ல," என்றாள். "அந்தப் பக்கத்தை அவனே உடைச்சுட்டான்."

கீழே ஒரு பஸ் போனது.

"பார்க்கலாமா?" என்றார் ஹாலோவே.

அவள் சாவியையும் கத்தியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். காலி வீட்டில் பழைய எலிப்பொறி வாடை. கோரின் கோட்டைச் சூடில்லாத ரேடியேட்டர் மேல் போட்டுவிட்டு நிலையில் சாய்ந்து நின்றாள். உதவிக்கு வரவில்லை. ஹாலோவேதான் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். சட்டம் கீச்சென்று ஏறியது. வெகுநேரம் அவருடைய பெல்ட்டும் காலணியும் மட்டுமே உள்ளே இருந்தன. பெர்னடின் அவர் பக்கத்தில் குனிந்து ஒரே ஒரு தடவை பார்த்தாள். உளி போன தழும்பு தவிரச் சுவரில் ஒன்றுமில்லை.

அவர் உள்ளே வந்து இரண்டு பக்கம் எழுதினார். "உச்சியில இருக்கிற விளிம்பு?"

"அதைத் தொடலயாம். அவ்வளவு உயரத்துக்குச் சாரம் கட்டல."

"அவர் சொன்னதா?"

"அவன் சொன்னது. நேத்து ராத்திரி போன் பண்ணிக் கேட்டேன்."

அதையும் எழுதிக்கொண்டார். முப்பது நாளில் கடிதம் வரும் என்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவர் கீழே இறங்கி, தெருக்கதவு சாத்துகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"எப்போலேருந்து தெரியும்?" என்றாள் கோரின்.

"ஞாயித்துக்கிழமைலேருந்து."

"செவ்வாய்க்கிழமை படியில நின்னு உங்களைக் கேட்டேன்."

"கேட்ட."

"என்கிட்ட மறைக்கலாம், அவர்கிட்ட மறைக்கக் கூடாதா? ஒரு தலையாட்டல், பெர்னடின். வாயைக்கூடத் திறக்க வேணாம்!"

"ஏப்ரல்ல தெரிஞ்சுபோகும்ல?"

"ஏப்ரல்ல கடன் கைக்கு வந்திருக்கும். உடைஞ்ச மூஞ்சியை அச்சு எடுத்து ஒட்டியிருப்பேன். அபராதம் போட்டா கட்டியிருப்பேன். என் வீட்டை அடமானம் வச்சிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எப்படித் தெரியும்? நீங்க கேட்டதே இல்ல!"

பெர்னடின் கத்தியில் ஒட்டியிருந்த பெயின்ட் துணுக்குகளை விரலால் வழித்தாள். செவ்வாயன்றே சொல்லியிருக்கலாம். இவள் ஏதாவது வழி யோசித்திருப்பாள், புத்திசாலிப் பெண். சொல்லாமல் இருந்தது பயத்தினால், நேர்மை ஒன்றும் இல்லை. அது தனக்கே தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், வந்தது வேறு.

"அவர் முடியாதுன்னு எழுதினா நான் எந்த மாசம் காலி பண்ணணும்? அதை மட்டும் சொல்லிடு, கோரின். பனி விழறப்போ சாமான் இறக்க எமிலால முடியாது."

கோரின் ரேடியேட்டர் மேலிருந்து கோட்டை எடுத்தாள். ஒரு கையை நுழைத்தாள், மற்றக் கைக்கான பக்கம் அகப்படவில்லை, அப்படியே தோளில் இழுத்துக்கொண்டாள். திறந்திருந்த ஜன்னலை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, கதவைச் சாத்தாமல் போனாள்.