எட்டாவது வாசல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு நஷ்டமில்லை. எனக்குக் கதை கட்டத் தெரியாது. திருச்செங்கோடு தாலுகா கச்சேரியில் காகிதம் கட்டுகிற குமாஸ்தா நான். நடந்த தேதி 1937 ஜூன் 30, புதன்கிழமை. பட்டப்பகல். மணி பன்னிரண்டு நாற்பதிலிருந்து பன்னிரண்டு ஐம்பத்தெட்டு வரை. அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் என் இடது கையில் மூன்று விரல்கள் போயின. போனது அது மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

அப்போது என் மனைவி சௌந்திரத்துக்கு இருபத்தாறு வயது. நெஞ்சில் சயரோகம். வெற்றிலை எச்சில் என்று அவள் மறைத்து வந்தது ரத்தம் என்று எனக்குத் தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் வைத்தால் பிழைக்கலாம், மழைக்கு முன்னால் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். அதற்கு எனக்கு இருந்தது ஒரே வழி. என் தாய்மாமன் மணியன் வாரிசு இல்லாமல் செத்து எனக்கு விட்டுப்போன வீட்டை விற்க வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எவனும் வீட்டுக் கிரயம் எழுத மாட்டான். ஆனிக்குள் முடித்தாக வேண்டும்.

விற்கப்போகிற வீட்டில் எதற்குச் செலவு செய்வது, எதை அப்படியே விடுவது என்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கூரை மேல் ஏறி எவனும் பார்க்கப்போவதில்லை. ஒழுகுகிற இடத்துக்கு மட்டும் நாலு ஓடு. தரை பெயர்ந்த இடத்தில் நெல் மூட்டையை நகர்த்தி வைத்தால் போயிற்று. ஆனால் கிணற்றைத் தூர்வாரினேன். வாங்க வருகிறவன் முதலில் தண்ணீரைத்தான் வாயில் ஊற்றிப் பார்ப்பான். சுவருக்குச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு, தலைவாசல் கதவுக்கு எண்ணெய். வீடு புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

நெய் வியாபாரி தண்டாயுதபாணி வந்தார். தண்ணீரைக் குடித்தார். தலையாட்டினார். அப்புறம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே தலைவாசலிலிருந்து கடைசி அறைவரை நடந்தார்.

"ஏழு வாசலுங்க குமாஸ்தா. ஒத்தப்படை. எங்கூட்டுல ஒத்துக்க மாட்டாங்க. எட்டாக்கிக் குடுங்க, அடுத்த வாரமே எழுதிக்கலாம்."

வீட்டு வாசல் இரட்டைப்படையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமா வீட்டில் மட்டும் ஏன் ஏழு என்று நான் யோசித்ததே இல்லை. போய்ப் பார்த்தேன். கடைசி அறையின் பின்சுவரில், காரைக்கு அடியில், ஒரு நிலை புடைத்துக்கொண்டு தெரிந்தது. பழைய பின்வாசல். செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். புதிதாக ஒரு வாசல் வெட்டுவதைவிட இதைத் திறப்பது பாதி வேலை. எனக்கு வாயெல்லாம் பல்.

"உங்க மாமா காரணமில்லாம அடைச்சிருக்க மாட்டாருங்க," என்றாள் சௌந்திரம்.

"எதிர்க்காத்து அடிச்சிருக்கும். அதான்."

"வேண்டாங்க."

"நீ பொழைக்கோணுமா, வேண்டாமா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இருமினாள். அப்படிக் கேட்டதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை காலை கொத்தனார் பொன்னன் வந்து சுவரை இடித்தார். இடிக்க இடிக்க அவர் முகம் மாறியது.

"இது கொத்தன் வெச்ச கல்லு இல்லீங்க சாமி. கை பழகாத ஆளு, அவசரத்துல வெச்சிருக்கறாப்புல. ஒரு வரிசை போதும். இதுல மூணு வரிசை இருக்குதுங்க."

பதினொன்று ஐம்பதுக்குக் கடைசிக் கல் விழுந்தது. கல்லுக்குப் பின்னால் கதவு இருந்தது. யாரும் கழற்றவில்லை. கனத்த வேப்பமரக் கதவு, உள்பக்கம் குறுக்குக் கட்டை போட்டு அடைத்தபடி. அந்தக் கட்டை முழுக்க ஏதோ கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பொன்னன் அதைத் தொடவில்லை.

"மணி பன்னண்டு ஆவப்போகுது. புதங்கெழமை பன்னண்டுல இருந்து ஒன்றரை ராகு காலமுங்க. அதுவரைக்கும் கட்டைய எடுத்துப் போடாதீங்க. கஞ்சி குடிச்சுப்போட்டு வாரனுங்க."

அவர் போனார். பன்னிரண்டு இருபதுக்குச் சௌந்திரம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து எட்டிப் பார்த்தாள். பின்னால் காயப்போட்ட துணியை எடுத்து வருகிறேன் என்றாள். பின்பக்கம் போவதற்குத் தலைவாசல் வழியாக இறங்கிச் சந்து வழியாகச் சுற்றிப் போக வேண்டும். சரி என்றேன். நான் செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தேன். உடையாத கல்லை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அவள் எப்போது திரும்பி வந்தாள் என்று கவனிக்கவில்லை.

பன்னிரண்டு நாற்பது.

கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"ஏனுங்க… கதவத் தொறங்க."

சௌந்திரத்தின் குரல். எனக்குக் கோபம்தான் வந்தது.

"ராகு காலம் புள்ள. வந்த வழியே சுத்தி வா."

"சந்துல ஒரு ஆளு நிக்கறானுங்க… கையில அருவா வெச்சிருக்கறான். என்னையே பாக்கறான். தொறங்க."

செங்கல்லைக் கீழே போட்டேன். கட்டையில் கை வைத்தேன். ஆளைக் கூப்பிடலாம் என்று தலைவாசல் பக்கம் திரும்பினேன். எங்கள் வீட்டில் எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். கடைசி அறையிலிருந்து பார்த்தால் தெருவரை தெரியும்.

நடு அறையில் பாய் விரித்திருந்தது.

பாயில் சௌந்திரம் படுத்திருந்தாள்.

காலையில் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள். தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம் என்று.

வெளியே கூப்பிடுவது எதுவாக இருந்தாலும் அது என் மனைவி இல்லை. கட்டையை எடுக்கப்போன கை, அதே கட்டையை இறுக்கிப் பிடித்தது.

தட்… தட்… தட்…

உள்ளங்கையால் கதவை அறைகிற சத்தம். நடுவில் இருமல். மூச்சு வாங்குகிற சத்தம்.

"வந்துட்டானுங்க… தொறங்க… எஞ்சாமி, தொறங்க…"

நான் தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிப் பிடித்தேன். முருகா, முருகா என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

முதல் வெட்டு.

மரத்தில் விழவில்லை. ஈரமான எதிலோ விழுந்த சத்தம். ஒரு அலறல். பாதியில் அறுந்தது.

இரண்டாவது. மூன்றாவது.

கதவு அதிர்ந்தது. யாரோ கதவின் மேல் சாய்ந்து கீழே வழுக்கினார்கள். நகங்கள் மரத்தைக் கீறிக்கொண்டே இறங்கின.

நாலு. ஐந்து. ஆறு…

எண்ணக் கூடாது என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

எட்டாவது வெட்டு குறி தவறியது. இரண்டு பலகைக்கு நடுவில் அருவாள் நுனி உள்ளே வந்தது. என் இடது கை அங்கேதான் இருந்தது.

வலி தெரியவில்லை. மூன்று விரல்கள் செங்கல் மேல் கிடப்பதைப் பார்த்தேன். அருவாளைப் பலகையிலிருந்து நெம்பி இழுத்தார்கள். வெட்டு மறுபடி தொடங்கியது.

ஒன்பது… பத்து… பதினொன்று…

நின்றது.

எதையோ தரையில் இழுத்துப்போகிற சத்தம். சர்… சர்… சர்… தூரமாய்ப் போனது.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

சௌந்திரம் எழுந்து வந்தாள். சுவரைப் பிடிக்காமல் வந்தாள். முந்தானையைக் கிழித்து என் கையை இறுக்கிக் கட்டினாள்.

"ஒண்ணுமில்லீங்க. போயிருச்சு."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்கிற ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றரைக்குப் பொன்னன் வந்து கதவைத் திறந்தார். வாசற்படி முழுக்க ரத்தம். காட்டுப் பக்கம் ஒரு கோடு போயிற்று. ஆள் யாரும் இல்லை.

"உள்ளார வெட்டுப்பட்ட ரத்தம், வெளிய எப்படிங்க சாமி இத்தன?"

"கழுவி விடுங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றேன். வெளியே தெரிந்தால் தண்டாயுதபாணி வாங்க மாட்டார். ஆனி முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. பொன்னன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போனார்.

அன்று சாயங்காலமே வண்டி பிடித்துச் சேலம் போனோம். கைக்குக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆனி கடைசியில் ஒரு நாள் வந்து கிரயம் எழுதிக் கொடுத்தேன். தண்டாயுதபாணி மறுபடி எண்ணினார். எட்டு. அவருக்கு முகம் மலர்ந்தது.

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பொன்னன் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"எங்கய்யன் சாவறதுக்கு முந்தி ஒண்ணு சொன்னாருங்க சாமி. உங்க மாமா அந்த வாசலை அடைச்சதுக்கு மொத நாளு, கதவுக்கு வெளிய ஒரு பொம்பள வெட்டுப்பட்டுக் கெடந்தாளாம். மூஞ்சி தெரியல. உங்க அத்தை பூவாத்தா ஊட்டுக்குள்ளார நல்லாத்தான இருந்தாங்க… அப்பறம் அது யாருன்னு எங்க தேடறது. அனாதப் பொணம்னு பொதச்சுப் போட்டாங்களாம்."

பூவாத்தாள் அத்தை கையால் நான் எத்தனையோ நாள் சோறு தின்றிருக்கிறேன். முப்பது வருஷத்தில் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை அவள். கிழவன் கதை என்று பொன்னனைச் சத்தம் போட்டேன். எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷம். சௌந்திரம் மலை ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. போகத் தேவை இருக்கவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், இது எப்படி என்று என்னைக் கேட்டார்.

ஆகஸ்ட் மாதம் கச்சேரி வேலைக்குத் திரும்பினேன். ஆறு வாரக் காகிதம் மேஜையில் குவிந்திருந்தது. தேதிவாரியாகப் பிரித்துக் கட்டுவது என் வேலை. அதில் ஒரு பிரேத விசாரணைக் காகிதம். ஜூலை மூன்றாம் தேதி போட்டது. எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டில், பாழுங்கிணற்றில் எடுத்த பிணம்.

பெயர் தெரியாத பெண். வயது சுமார் இருபத்தாறு. பச்சைச் சேலை. முகம் சிதைந்து அடையாளம் காண முடியவில்லை. உடம்பில் பத்து வெட்டுகள். நான் எண்ணிய பதினொன்றில் என் விரலுக்கு வந்தது போக மீதி. இரண்டு உள்ளங்கையிலும் மரச்சிலாம்பு ஏறியிருந்தது. அதற்குக் கீழே, அறுத்துப் பார்த்த டாக்டரின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

நுரையீரல் இரண்டும் சயரோகத்தால் அழுகியிருந்தன.

அடையாளம் தெரியாதவர் என்று குறித்து, நானே என் கையால் அந்தக் காகிதத்தைக் கட்டி வைத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். வீட்டில் எனக்காக ஒருத்தி சோறு வைத்துக் காத்திருந்தாள்.

பத்து வருஷமாகக் காத்திருக்கிறாள். இன்றுவரை அவள் ஒரு தடவை கூட இருமியதில்லை.