ராகுகாலத்தில் கேசரி சாப்பிட்டவள்

கொதிக்கிற டீத் தண்ணீருக்குள் ஒரு கண்ணாடி ஊசி குதித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன், அவளை அப்புறம்தான் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் காலை, போடிமெட்டு டீக்கடை. பனிமூட்டத்தில் என் ஜீப்பின் மூக்கே எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பதினெட்டு வயது. லைசென்சு கைக்கு வந்து கொஞ்ச நாள்தான், ஆனாலும் அந்த மலைப்பாதையில் என்னை முந்திப் போக ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, போடியில் பழைய டிரைவர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டீக்கடைச் சேட்டன் தலையில் கையை வைத்துக்கொண்டு கத்தினார். "மோளே, இது சாயா வெள்ளம்! இதுல ஊசியப் போட்டா எவன் வாங்கிக் குடிப்பான்?" தலையில் கம்பளித் துண்டு கட்டிய ஒரு பெண், என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கும், அசையாமல் நின்று பதில் சொன்னாள். "கொதிக்கிற தண்ணிக்குத் தீட்டு ஏது சேட்டா? செத்த இருங்க, எடுத்துர்றேன்."

"அதே தண்ணியில எனக்கு ஒரு டீ போடுங்க சேட்டா" என்று நான் முன்னால் போய் நின்றேன். வாங்கி எல்லார் முன்னாலும் உறிஞ்சிக் குடித்தேன். ஒரு பெண்பிள்ளை பார்க்கிறாள் என்றால் அந்த வயதில் விஷத்தையும் குடிக்கலாம். அவள் சிரிக்கக்கூட இல்லை. ஊசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனாள், திரும்பி வந்தாள், தூக்குவாளியைத் திறந்து இட்லியைத் தின்ன ஆரம்பித்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டா வெரசா சாப்பிட்டுறணும் டிரைவரண்ணே. இல்லேன்னா வேர்த்துக் கொட்டி ஆளு சாஞ்சிருவேன்" என்றாள். பஸ் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அவள் ஏலத்தோட்டத்துக் கங்காணியின் மகள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சக்கரை வியாதி வந்துவிட்டது. சக்கரை என்றால் கல்லாவில் உட்கார்ந்து தொந்தி வளர்த்த ஏலக்காய் முதலாளிகளுக்கு வருவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தோட்டத்தில் சாணி மெழுகிய வீட்டில் கூழ் குடித்து வளர்ந்த ஒல்லிப் பெண்ணுக்கு அது எப்படி வரும் என்று யாருக்கும் விளங்கவில்லை. காலையும் சாயங்காலமும் தன் தொடையில் தானே குத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விட்டால் போச்சு. மருந்து மதுரையிலிருந்து போடிக்கு வரும், போடியிலிருந்து நான் கொண்டுபோவேன். சூடு பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மெட்டு ஏறுவதற்குள் வெறும் தண்ணீர்தான். நான் என்ன செய்தேன்? குச்சி ஐஸ் கம்பெனியில் பொடி ஐஸ் வாங்கி, பிளாஸ்க்கில் போட்டு, மருந்துப் புட்டியை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத மூளை இது. அவள் புட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸு நேரா படக் கூடாதுண்ணே, உறைஞ்சாலும் செத்துப்போகும். துணிய நல்லாத்தான் சுத்தியிருக்கீக" என்றாள். அந்த ஒரு பாராட்டுக்காக மறுபடி மறுபடி மலை ஏறினேன். அவள் வாயில் வருகிற "அண்ணே" மட்டும்தான் எனக்குக் கல்லாய் உறுத்தியது.

அடுத்த வருசமே கங்காணி அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கம்பம் பக்கத்துக்காரர்கள். வியாதியை மறைத்துக் கல்யாணத்தை முடித்துவிடுவது என்று திட்டம். போடியில் இருந்த அத்தை வீட்டில் வைத்துப் பெண் பார்க்க ஏற்பாடு. மலையிலிருந்து கங்காணியையும் அவளையும் இறக்கிக்கொண்டு வந்ததும் நான்தான். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! நான் விரும்பிய பெண்ணை அடுத்தவன் பார்க்க, நானே ஜீப்பு ஓட்டி வருகிறேன்.

வெள்ளிக்கிழமை. அவள் காலை ஊசியைப் போட்டுவிட்டாள். வந்தவர்கள் கை நனைக்கும் முன்னால் பெண் சாப்பிடக் கூடாது என்று அத்தை தூக்குவாளியைப் பிடுங்கி வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் நின்றுபோய், அவர்கள் வீட்டுக்குள் நுழையவும் ராகுகாலம் பிறக்கவும் சரியாக இருந்தது. அவர்களில் ஒரு பெரியவர், "ராகுகாலம் கழியட்டும், அப்புறம் பொண்ணக் கூப்பிடுங்க" என்று சட்டமாகச் சொல்லிவிட்டார். கேசரித் தட்டு கூடத்து நடுவில் யாரும் தொடாமல் இருக்கிறது. எல்லாரும் மழையைப் பற்றியும் ஏலக்காய் விலையைப் பற்றியும் பேசுகிறார்கள். வாசலில் நின்ற எனக்கு டீக்கடையில் அவள் சொன்ன சொல் நெஞ்சில் இடித்தது. பட்டினியாய் உள்ளே இருக்கிறாளே, சாய்ந்துவிடுவாளே!

அப்போதுதான் அவள் தானாகவே வெளியே வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, முகமெல்லாம் வியர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள் கூடத்து நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், கேசரித் தட்டை மடியில் இழுத்து வைத்து அள்ளி அள்ளித் தின்றாள். அத்தை அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அடிப்பாவி, சக்கரைய ஒடம்புல வச்சுக்கிட்டு கேசரியத் திங்கிறியே, செத்துருவடி!" மாதக்கணக்கில் மூடி மறைத்த ரகசியத்தை அத்தையே தெருவுக்குக் கேட்கிற மாதிரி போட்டு உடைத்துவிட்டு, தட்டையும் பிடுங்கினாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தேன். "விடுங்கத்தே! திங்கலேன்னாத்தான் சாகும்!" என்று தட்டின் மறு பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தை இழுக்க, நான் பிடிக்க, நடுவில் அவள் தின்றுகொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளையின் ஆத்தா எழுந்தாள். "சீக்காளிய எங்க தலையில கட்டப் பாத்தீகளா?"

தின்று முடித்தவள் கையை நக்கிவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தவோட்டம் திரும்பியிருந்தது. "நான் மறைக்கச் சொல்லலத்தே. பசிக்குதுன்னுதான் சொன்னேன். ராகுகாலம் முடியுற வரைக்கும் எம் பசி நிக்கலையே." அவர்கள் போய்விட்டார்கள். எனக்கா? ஜீப்பை எடுத்து போடி முழுக்க ஆரன் அடித்துக்கொண்டு சுற்ற வேண்டும் போல இருந்தது.

திரும்பி ஏறும்போது கங்காணி என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "இனி எம் மகள எவன்டா கட்டுவான்?" நான் கியரை மாற்றினேன். "நான் கட்டுறேன் மாமா." அவர் துண்டை எடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாய் இருக்குடா ஒனக்கு. கீழ அடிக்கிற வெயில்ல அவ மருந்த எங்க வைப்பே? ஒங்க ஓலைக் கூரையிலயா?" "பிரிட்ஜ் வாங்கி வச்சுட்டு வந்து பொண்ணு கேக்குறேன்" என்றேன். பின்சீட்டிலிருந்து சத்தம் வந்தது. "வளைவு வருது. ரோட்டப் பாத்து ஓட்டுங்க." அவ்வளவுதான். அண்ணே இல்லை! வளைவு முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தேன், வரவே இல்லை.

ரெண்டு வருசம் ஆச்சு. பகல் முழுக்க ஆள் ஏற்றினேன், மிச்ச நேரத்தில் மூட்டை ஏற்றினேன். கூரையைப் பிரித்து ஓடு போட்டேன், கரண்டு இழுத்தேன். எங்கள் தெருவில் முதல் பிரிட்ஜ் என்னுடையது. மதுரையிலிருந்து அது வந்து இறங்கிய அன்று சாமி ஊர்வலத்துக்குக் கூடாத கூட்டம் கூடியது. என் ஆத்தா மட்டும் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். "பொட்டிக்குள்ள வச்சுக் காப்பாத்துற மாதிரி ஒரு மருமகளாடா எனக்கு?" ஒரு நாள், அந்தப் பெண்ணை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று என் ஜீப்பிலேயே ஏறி மலைக்குப் போனாள். இறங்கி வரும்போது அடிவாரத்து முந்தலைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். "வெத்தல மடிக்கிற மாதிரி உக்காந்து தன்னத்தானே குத்திக்கிறாடா. 'ஒக்காருங்கத்தே, குத்திட்டு வந்து காப்பி போடுறேன்'ங்குறா. எனக்குத்தான் கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு." அதற்கு மேல் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது ஊசி போடப் பேனா மாதிரி ஒரு கருவி வந்துவிட்டது, அதன் முள் மயிரிழைதான். அவளுக்கு ஒரு கண் மங்கிவிட்டது, காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. பிள்ளை பெறாதே என்றார் டாக்டர். பெற்றாள், ஒரே மகள். அந்த மாதங்களில் நான் பட்ட பயத்தை இங்கே எழுதமாட்டேன். என்னிடம் இன்று நாலு ஜீப்பும் ஏலக்காய்க் கமிஷன் கடையும் இருக்கின்றன, ஆனால் யாராவது என் சாமர்த்தியம் என்ன என்று கேட்டால் நான் கடையைக் காட்டுவதில்லை, அவளைத்தான் காட்டுவேன்.

எங்கள் கல்யாணத்தன்று காலை அவள் ஊசி போட்டுக்கொண்டு மணையில் வந்து உட்கார்ந்தாள். தாலி ஏறும்வரை பெண் வாயில் எதுவும் படக் கூடாது என்று சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் ஆத்தா வந்தாள், கையில் ஆவி பறக்கிற இட்லித் தட்டு. மணைக்கு முன்னால் உட்கார்ந்து பிட்டுப் பிட்டு ஊட்ட ஆரம்பித்தாள். "நல்ல நேரம் போகுது ஆத்தா!" என்று யாரோ பதறினார்கள். என் ஆத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போகட்டும். நல்ல நேரம் நாளைக்கும் வரும். எம் மருமக வருவாளா?" என்றாள். "மெதுவா மென்னு தின்னு தாயி."

அவள் மெதுவாகத்தான் தின்றாள். தின்று முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிவிட்டது. கெட்ட நேரத்தில்தான் தாலி கட்டினேன். அந்தக் கெட்ட நேரம்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.