ரஹ்மத் அக்காவின் பெயரில் ஓர் எடைச்சீட்டு

செய்தி வந்தபோது எடைமேடையில் பழைய இரும்பு ஏற்றிய ஒரு லாரி நின்றிருந்தது. "ரஹ்மத் அக்கா தவறிட்டாங்க" என்று கைபேசியில் ஒரே வரி. படித்து முடிப்பதற்குள் எடைச்சீட்டு அச்சாகி வெளியே வந்துவிட்டது. அதன் அடியில் வழக்கம்போல, இயக்குபவர்: ரஹ்மத்நிஷா.

அவரை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் எடைமேடையில் நாங்கள் ஆறு பேர் ஒப்பந்த ஆட்கள். ஆறு பேருக்கும் கணினியில் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. முதலில் சேர்ந்தவர் அக்கா என்பதால் அவர் பெயர். ஆளுக்கொரு ஐடி கொடுத்தால், நாளை அதைக் காட்டி நாங்களும் இந்தக் கம்பெனி ஆட்கள்தான் என்று உரிமை கேட்டுவிடுவோமாம். பாஸ்வேர்டு லாரி ஓட்டுநர்களுக்கே தெரியும்.

அக்கா பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். வியாபாரம் நொடித்தபின் பொன்னேரியில் பேருந்து மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

போன வருடம் ஒரு லாரியின் எடை குறைவாகப் பதிவாகியிருந்தது. அன்று அக்கா தங்கை மகள் நிக்காஹுக்காக ஊரில் இருந்தார். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"உன் பேருதானம்மா இருக்குது?"

"நான் அன்னிக்கு வேலைக்கே வரல சார்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

சில வாரம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். வேறு ஆள் கிடைக்காததால் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தகவல் பாதுகாப்பு வகுப்பு வந்தது. வாடிக்கையாளர் கேட்டதற்காக, போட்டோவுக்காக நடந்த வகுப்பு. நிரந்தர ஊழியர்கள் வரவில்லை. நாற்காலிகளை நிரப்ப எங்களைக் கேன்டீன் மாடியில் உட்கார வைத்தார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். அக்கா தூங்கவில்லை. தகவலைச் சம்பந்தமில்லாதவர் பார்க்கக் கூடாது, கண்டவர் திருத்தக் கூடாது, தேவைப்படும்போது அது கிடைக்க வேண்டும், எதைச் செய்தாலும் செய்தவர் பெயரில் பதிவாக வேண்டும் என்றார் வகுப்பெடுத்தவர். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் கணக்கு தானே பூட்டிக்கொள்ளும்.

அக்கா என் பக்கம் சாய்ந்தார். "இன்னா நைனா, அப்ப என்னுது கணக்கே இல்ல, பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. வர்றவன் போறவன்லாம் குந்திக்கினு போறான்."

"தப்பா அடிச்சி பூட்டிடுக்கா."

"பூட்டலாம். அப்புறம் நாம ஆறு பேரும் ஊட்ல குந்தணும். பேஜாரு, வுடு."

விட்டுவிடவில்லை. மறுநாளே மேலாளரிடம் போய் நின்றார்.

"ஒரு கிளாஸ் கேட்டுட்டு எனக்கே பாடமா?"

"பாடம் இல்ல சார். என் பேர என்கிட்டயே குடுத்துடுங்கன்றேன்."

கொடுக்கவில்லை. அதன் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கும் குரல் மட்டும் வரவரத் தணிந்தது.

இந்த மாதம் காய்ச்சலோடு வந்தார். படுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். எடைமேடை அறையில் மேசைமேல் தலை சாய்த்து, லாரி வந்தால் மட்டும் நிமிர்வார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது.

பழவேற்காட்டுக்கு நாங்கள் ஐந்து பேரும் போனோம். கம்பெனியிலிருந்து எவரும் வரவில்லை. அவரை அடக்கம் செய்துகொண்டிருந்த நேரத்தில், அலுவலக ஆள் ஒருவர் எடைமேடையில் உட்கார்ந்து அக்கா பெயரிலேயே லாரிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் பேருந்தில் மற்ற நால்வரிடமும் கேட்டேன், "பூட்டிடலாமா?" வேலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அவர்களில் செல்விதான் சொன்னாள்: "பூட்டுடா. அக்கா பேர்ல இனிமே ஒரு சீட்டு வரக்கூடாது."

மறுநாள் காலை மேற்பார்வையாளர் வந்தார். "பழைய பாஸ்வேர்டுதான். போட்டு ஆரம்பி."

"சார், அவங்க செத்துட்டாங்க."

"அவங்கதானே போனாங்க? ஐடி வேலை செய்யுதில்ல?"

தப்பாக அடித்தேன். மறுபடி தப்பாக அடித்தேன். கணக்கு பூட்டப்பட்டது என்று திரை சொல்லும்வரை அடித்தேன். அதைத் திறக்கத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். இறந்தவரின் பெயரைத் திறந்து கொடுங்கள் என்று எவன் கையெழுத்துப் போடுவான்?

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. மேற்பார்வையாளர் மறுபடி ஓடிவந்தார்.

"எவன்டா பண்ணது?"

"நான்தான் சார். என் பேர எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். அந்தக் கம்பெனியில் என் பெயரை ஒருவர் எழுதியது அதுவே முதல் தடவை.

தூங்குங்கள், அக்கா. லாரி வந்தாலும் நிமிர வேண்டாம்.