மொட்டை அடித்தவருக்கு அனுமதி இல்லை

டாக்டருக்குப் படித்துவிட்டு நோயாளியைத் தொடாமலே பிழைக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. காப்பீட்டு நிறுவனமொன்றில் தலைமை மருத்துவ அதிகாரி. என் ஸ்டெதஸ்கோப் காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

தட்டாஞ்சாவடியில், பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனிக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் பிரிவு. சிகிச்சைக்கு அனுமதி தருமுன் நோயாளியின் முகத்தைக் காப்பீட்டு அட்டையின் படத்தோடு கணினியே ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை நான்தான் கொண்டுவந்தேன். ஆள்மாறாட்டம் ஒழியுமாம். கூட்டத்தில் கைதட்டினார்கள், சமோசாவும் கொடுத்தார்கள்.

பிறகு ஆடி மாதம் வந்தது.

"சார், பேஷண்ட் மூஞ்சி மேட்ச் ஆவல," என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். வீராம்பட்டினத்து மீனவர். இதயக் குழாயில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அட்டைப் படத்தில் அடர்ந்த முடி, தாடி, முறுக்கு மீசை. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தேர்த் திருவிழாவுக்கு முன்பே எல்லாவற்றையும் மழித்துவிட்டார். "கோச்சிக்கினு வூட்டுக்குப் போறேன்றாரு சார்."

போனால் திரும்ப வருவாரா என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. கணினி மறுத்தால் நிறுவன மருத்துவர் நேரில் பார்த்து உறுதி சொல்ல வேண்டும் என்ற விதியும் என் கைவண்ணம்தான். திருவிழா விடுப்பில் போகாமல் மிஞ்சிய மருத்துவர் நான் ஒருவன்.

போனபோது அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டிருந்தார். மனைவி அவர் தோளை அமுக்கிப் பிடித்திருந்தார்.

"ஆத்தாளுக்கு என்னிய அடையாளம் தெரியுது. இந்தப் பொட்டிக்குத் தெரியலியாம்!"

"படுய்யா, டாக்டர் வந்துட்டாரு," என்ற மனைவி என் பக்கம் திரும்பினார். "நீங்க ஊசி போடுற டாக்டரா சார்?"

"இல்லம்மா. இன்ஷூரன்ஸ் டாக்டர்."

"அப்ப கம்பவுண்டர் மாதிரியா?"

"அதுக்கும் கீழ."

அவர் சிரித்துவிட்டார். புருஷன் சிரிக்கவில்லை, ஆனால் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

அட்டையை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே புருவத் தழும்பு, அதே மடங்கிய காது. வெகு நாளைக்குப் பிறகு ஒரு நோயாளியின் நாடியையும் பிடித்துப் பார்த்தேன். விதிப்படி அது தேவையில்லை. இவர் அவர்தான் என்று கணினியில் பதிந்தேன். அது அசரவில்லை, புதுப் படம் கேட்டது. மழித்த முகத்தைப் படமெடுத்து ஏற்றியதும் அனுமதி வந்தது. ஸ்ட்ரெச்சரில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கதவு மூடியபின் மனைவி என்னிடம் வந்தார். "மறுபடி செக்கப்புக்கு வர்றப்ப முடி வளந்துடுமே சார். பொட்டி திரும்பக் கேக்காது?"

கேட்கும். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"என் நம்பர வெச்சுக்கோங்கம்மா. வந்து பாக்குறேன்."

போனை என்னிடமே நீட்டினார். எண்ணைப் பதிந்துவிட்டுப் பெயரைத் தட்டப் போனேன்.

"பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது சார்," என்றார். "மூஞ்சி டாக்டர்னு போடுங்க."

போட்டுக் கொடுத்தேன்.