வார்டன் விடமாட்டாங்க

தொண்ணூற்றெட்டில் என்னைக் கொல்லிமலைக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்த வேண்டும். அதோடு பெண்பிள்ளைகள் விடுதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்டரில் 'காப்பாளர்' என்று அடித்திருந்தது. அந்தப் பெயரில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லோருக்கும் நான் வார்டன் டீச்சர்தான். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஜெயிலில் கேட்கிற சொல் மாதிரி கொஞ்சம் மிரட்டலாக இருந்தது.

மிரட்டவும் செய்தேன். தலைக்கு எண்ணெய் வைக்காவிட்டால் திட்டு, ரிப்பன் கட்டாவிட்டால் திட்டு, தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் திட்டு. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்தால் அடுத்த அறையில் பேச்சு அடங்கிவிடும். அந்தப் பவிசு எனக்கு வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்பில், மலைமேலேயே பெரக்கரை நாடு என்கிற ஊர்க்கூட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பெரிய படிப்பாளி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு முறை திருத்திக் கொடுத்த பிழையை மறுமுறை செய்யமாட்டாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பாள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுடைய தாய்மாமன் வந்தார். ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஏனுங்க டீச்சர், ஊர்ல நோம்பிங்க. புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மூணு நாள்ல கொண்டாந்து உட்டுர்றனுங்க."

அப்பா அம்மா கையெழுத்து இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பது விதி. அவள் கதவோரம் நின்று, "பரிச்சை இருக்குதுங்க டீச்சர்" என்றாள். மாமனுக்கு எதிரில் அதற்கு மேல் பேச மாட்டாள். என்னையே பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே, இது நோம்பிக்கான, திருவிழாவுக்கான அழைப்பு இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாமனுக்குக் கல்யாண வயசில் ஒரு மகன் இருப்பதும் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். கீழே ராசிபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. என் கல்யாணத்தையே மாமாதான் முடிவு செய்தார்; அப்பா கைகட்டி நின்றார். அப்படி வளர்ந்தவளுக்கு ஒரு தாய்மாமன் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரிப்பனுக்கெல்லாம் எழுந்த அதே நாக்குதான். அவர் கைநாட்டு வைத்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

மூன்று நாளும் போனது, மூன்று வாரமும் போனது. பரீட்சை அன்று அவள் நம்பர் எழுதிய பெஞ்சு காலியாகக் கிடந்தது. கல்யாணம் ஆகிவிட்டது என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்து பீரோவிலிருந்த பெரிய அகராதியை எடுத்து 'வார்டன்' என்ற சொல்லைத் தேடினேன். துக்கம் வந்தால் ஆங்கில டீச்சருக்கு வேறென்ன செய்யத் தெரியும்? அதிகாரி, நிர்வாகி, சிறையை ஆள்பவர் என்று பொருள்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் சொல்லின் பிறப்பு. கண்ணும் கருத்துமாகக் காப்பது என்று ஒரு பழைய ஜெர்மானிய வினையாம். பிரெஞ்சுக்காரர் வாய்வழியாக இங்கிலாந்துக்கு வந்ததாம். விண்ணப்பங்களில் பெற்றோருக்குப் பக்கத்தில் போடுகிற 'கார்டியன்' கூட அதே வயிற்றுப் பிள்ளை. ஆக, அதிகாரமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் இருந்தது காவல் மட்டும்தான். ஆர்டரில் 'காப்பாளர்' என்று அடித்த குமாஸ்தாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. அகராதியை மூடி வைத்துவிட்டு, யாரும் பார்க்காமல் அழுதேன்.

ஏழு வருஷம் கழித்து, மாற்றல் வாங்கிக் கீழே வந்த பிறகு, பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு வாங்கப் போனேன். "வார்டன் டீச்சர்!" என்று ஒரு குரல். சாக்கு விரித்து மிளகு விற்றுக்கொண்டிருந்தவள் அவள்தான். பக்கத்தில் ஐந்தாறு வயசில் ஒரு பெண்குழந்தை.

"அன்னிக்கு உன்னை நான் அனுப்பியிருக்கக் கூடாது கண்ணு" என்றேன்.

"மாமனை உங்ககிட்ட அனுப்புனதே அம்மாதானுங்க" என்றாள். "கூடப் பொறந்தவரு பொண்ணு கேட்டா முடியாதுன்னு எப்படிங்க சொல்லுவாங்க? அதான், 'எனக்குச் சம்மதந்தாண்ணா, வார்டனை ஒரு வார்த்தை கேட்டுக்கோ'ன்னு சொல்லியிருக்காங்க. நான் ஊட்டுக்குள்ள போனதும் அம்மா அப்படியே உக்காந்துட்டாங்க. 'வார்டன் விடமாட்டாங்கன்னு நம்பித்தானே அனுப்பிச்சேன்'னு அழுதாங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். படியால் மிளகை அளந்து என் பையில் கொட்டி, மேலே ஒரு பிடி சேர்த்துப் போட்டாள். பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

"இவளை வர்ற வருசம் அந்த ஆஸ்டல்லதான் சேர்க்கணும்ங்க டீச்சர். இப்ப இருக்கற வார்டன் முடியாதுன்னு சொல்றவங்களாங்க?"